ராமானுஜன் பகா எண்களில் எங்கே சறுக்கினார்? 26 இலக்க எண்ணின் கதை

ராமானுஜன் என்றாலே 1729 வந்துவிடும். அந்த டாக்ஸி கதையைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். பகா எண்களோடு அவர் மல்லுக்கட்டிய கதை அதைவிட சுவாரஸ்யம். அதில் ஒரு தோல்வியும் உண்டு.

பகா எண் என்றால், 1 மற்றும் தன்னைத் தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுபடாத எண்: 2, 3, 5, 7, 11 எனப் போகும்.

1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்தார், வளர்ந்தது கும்பகோணத்தில். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டை விட்டதால் உதவித்தொகையும் போச்சு, பட்டமும் இல்லை. 1910 டிசம்பரில் நெல்லூர் போய் கலெக்டர் ராமச்சந்திர ராவைப் பார்த்தார். (சென்னையிலிருந்து ரயிலில் போனால், திருப்பதி பாதை பிரிகிற கூடூரைத் தாண்டி வரும் ஊர்.) ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912இல் சென்னை துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்கு குமாஸ்தா வேலை.

அங்கிருந்துதான் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் போட்டார். ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கும் என்று ஏறத்தாழத் துல்லியமாகச் சொல்லும் சூத்திரம் தன்னிடம் இருப்பதாக அதில் எழுதினார். சூத்திரம் ஒன்றும் லேசுப்பட்டதல்ல. 10 கோடிக்குள் உள்ள பகா எண்கள் 57,61,455. சூத்திரம் தரும் விடை அதைவிட வெறும் 97 அதிகம்.

அப்புறம் எங்கே சறுக்கல்? பிழை எப்போதும் சின்னதாகவே இருக்கும் என்று அவர் நம்பினார். எண்கள் ஏற ஏற அது கட்டுக்குள் நிற்காது. ரீமனின் ஜீட்டா சார்பு கலப்பெண்களில் எங்கெல்லாம் பூஜ்ஜியமாகிறது என்பதுதான் அந்தப் பிழையைத் தீர்மானிக்கிறது. ராமானுஜன் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. சொல்லித்தர ஆளும் இல்லை. அவர் தானே படித்து வளர்ந்த கார் என்பவரின் புத்தகம் ஆயிரக்கணக்கான தேற்றங்களின் பட்டியல். கலப்பெண் சார்புகள் பற்றி அதில் பெரிதாக எதுவும் இல்லை. இதை மூளையின் குறை என்பதைவிட நூலகத்தின் குறை என்றே சொல்லத் தோன்றுகிறது.

1914இல் இங்கிலாந்து போனார், 1919இல் நோயோடு திரும்பினார். அதே 1919இல், பகா எண்கள் பற்றி இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை. இந்த முறை பிசிறில்லை. 11 அல்லது அதற்கு மேல் எந்த எண்ணை எடுத்தாலும், அதன் பாதிக்கும் அதற்கும் இடையில் (அந்த எண்ணையும் சேர்த்து) குறைந்தது 2 பகா எண்கள் நிச்சயம். 17 முதல் 3, 29 முதல் 4, 41 முதல் 5. இவற்றுக்கு இன்று 'ராமானுஜன் பகா எண்கள்' என்றே பெயர்.

1920 ஏப்ரல் 26இல் சென்னையில் இறந்தார். வயது 32.

1916இல் அவர் ஆராய்ந்த 'டாவ்' சார்பு வேறொரு புதிரை விட்டுச் சென்றது. ஒரு முடிவிலாப் பெருக்கலை விரித்தால் வரும் எண்வரிசை அது: 1, -24, 252, -1472... குறியை விட்டுவிட்டுப் பார்த்தால், இதில் பகா எண் எப்போது வரும்? 1965இல் அமெரிக்கக் கணிதவியலாளர் லேமர் கண்டுபிடித்தார். முதல் 63,000 இடங்களில் ஒன்றுகூட இல்லை. 63,001ஆவது இடத்தில், அதாவது 251 × 251இல், வருகிறது 80561663527802406257321747.