காவலூர் கண்ட வைணு பாப்பு

ஆம்பூரும் வாணியம்பாடியும் பாலாற்றங்கரையில் தோல் பதனிட்டுக்கொண்டிருக்க, ஆலங்காயத்துக்கு அப்பால் சவ்வாது மலையின் சந்தனக் காட்டில் விண்மீன்களை அளக்கும் கூடமொன்று எழுந்தது. நடுவண் அரசின் செலவில் உருவான அந்தக் காவலூர் வானாய்வகம் வைணு பாப்பு என்னும் ஒருவரது பிடிவாதத்தின் விளைவு என்றால் மிகையன்று.

1927 ஆகஸ்ட் 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் ஐதராபாத் நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். ஆகவே தொலைநோக்கி அவருக்கு வீட்டுப் பொருள் போன்றது. ஹார்வர்டில் மாணவராக இருந்த 1949இல், புகைப்படத் தகடொன்றில் புதிய வால்மீனைக் கண்டார். பாப்பு–போக்–நியூகர்க் என அதற்குப் பெயர் வழங்கிற்று. ஆயினும் வானியலில் அவர் பெயர் நிலைத்தது வால்மீனால் அன்று. குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில் கால்சியத்தின் கருங்கோட்டு நடுவே மெல்லிய ஒளிக்கோடு ஒன்று தெரியும். அதன் அகலத்தைக் கொண்டே விண்மீனின் உண்மை ஒளிர்வைக் கணிக்கலாம் என்று ஆலின் வில்சனுடன் சேர்ந்து 1957இல் நிறுவினார். ஒளிர்வு தெரிந்தால் தொலைவும் தெரியும்.

அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம், திரும்பி வந்தார். நைனிதாலில் சில ஆண்டுகள். 1960 முதல் கொடைக்கானல். அங்கோ சூரியனை ஆராய வசதியுண்டு, இரவு வானத்தை மேகம் மறைக்கும். இடம் தேடி அலைந்தபின் காவலூர் கிடைத்தது. நிலநடுக்கோட்டிற்கு வடக்கே பன்னிரண்டரைப் பாகையில் இருப்பதால் தென்வானமும் நன்கு புலப்படும். 1968இல், கொடைக்கானல் பட்டறையில் செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு பணி தொடங்கிற்று. 1972இல் ஜெர்மனியின் யேனா நகரிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அவ்வாண்டே, விண்மீன் ஒன்றை வியாழனின் துணைக்கோளான கானிமீட் மறைத்தபோது, அத்துணைக்கோளுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்பதற்கான தடயத்தைக் காவலூரும் பதிவுசெய்தது. 1977இல் யுரேனசின் வளையங்களை வெளிப்படுத்திய பதிவுகளிலும் அதற்குப் பங்குண்டு.

ஒரு மீட்டர் கருவியை விலைக்கு வாங்கியவர், அடுத்ததை வாங்க ஒப்பவில்லை. 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்நாட்டிலேயே வடிவமைத்துக் கட்ட வேண்டும் என்றார். எளிதான வேலையன்று, ஒளியலையின் சிறு பின்னமளவே பிழை பொறுக்கும் ஆடியைத் தேய்ப்பதற்கே ஆண்டுகள் பல செல்லும். வேலை நடந்துகொண்டிருக்கையில், 1979இல் அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் தலைவரானார்.

1982 ஆகஸ்டில் அவ்வொன்றியம் கிரேக்கத்தின் பத்ராஸ் நகரில் கூடியது. தலைவர் வரவில்லை. இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் மியூனிக் நகரில் அம்மாதம் 19ஆம் நாள் காலமானார்; ஐம்பத்தைந்து நிறைந்து ஒன்பதே நாள். பெரிய தொலைநோக்கி அப்போது முடிந்திருக்கவில்லை.

1986 சனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி காவலூர் வந்து, அந்தத் தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்.