சக்கர நாற்காலியில் அமர்ந்து விரல்களைச் சீரமைத்த மேரி வர்கீஸ்

புதுதில்லி: 1972-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றவர்களுள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸும் ஒருவர். தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர். இடுப்புக்குக் கீழே உணர்விழந்த நிலையில் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அதைச் செய்தவர். அவரை அரசு கௌரவித்த அந்நாளிலும், ஆதரவற்ற தொழுநோயாளிகளைப் பிடியாணையின்றிக் கைது செய்ய வகை செய்த 1898-ஆம் ஆண்டின் சட்டம் மத்திய சட்டத் தொகுப்பில் நீடித்துக் கொண்டிருந்தது.

1925-இல் கொச்சிப் பகுதியில் பிறந்த மேரி, 1946-இல் வேலூரில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். மகப்பேறு மருத்துவராவதே அவரது விருப்பம். 1954 ஜனவரி 30-ஆம் நாள், சக மருத்துவர்களுடன் உல்லாசப் பயணம் சென்ற வாகனம் கவிழ்ந்தது. முகம் கிழிந்தது, தண்டுவடம் சேதமுற்றது. இனி நடக்க முடியாது என்பது உறுதியானது.

நின்றுகொண்டு பிரசவம் பார்க்க முடியாதவருக்கு மாற்று வழியைக் காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்து, 1946-இல் வேலூருக்கு வந்த இந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் முறையை அங்கு உருவாக்கி வந்தார். கை அறுவையை அமர்ந்தே செய்வது வழக்கம். ஆகவே மேரிக்குச் சலுகை எதுவும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது பயிற்சி மட்டுமே.

அந்த அறுவையின் அடிப்படை எளிது. செய்து முடிப்பதுதான் கடினம். முழங்கையை ஒட்டிச் செல்லும் நரம்பைத் தொழுநோய் தாக்கும்போது, உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன. விரல்கள் பறவையின் நகம் போல் மடங்குகின்றன. முன்கைத் தசைகளோ பெரும்பாலும் வலுவுடன் எஞ்சியிருக்கும். அங்கிருந்து ஒரு தசைநாணை எடுத்து விரல்களுக்குத் திருப்பினால், கை மீண்டும் விரிந்து பொருளைப் பற்றும். ஆனால் மூட்டு இறுகிவிட்டால் தசைநாண் மாற்றம் பயன் தராது. முதலில் மெழுகுக் குளியல், உடற்பயிற்சி, மாவுக்கட்டு ஆகியவற்றால் மூட்டைத் தளர்த்த வேண்டும். வலி உணராத விரலில் எலும்பு முறிந்தாலும் மூட்டு விலகினாலும் நோயாளி அறிவதில்லை. மாதக்கணக்கில் அதே விரலால் வேலை செய்து மேலும் சிதைத்துக் கொள்கிறார். அத்தகைய மூட்டுக்கு அசைவைத் திருப்பித் தருவது அரிது. வேலைக்கு உதவும் கோணத்தில் அதை அசையாமல் இணைத்து விடுவதே பெரும்பாலும் எஞ்சும் வழி.

மடங்கிய கை, நோய் குணமான பின்னரும் ஒருவரைத் தொழுநோயாளி என ஊருக்குக் காட்டிக் கொடுத்தது, வேலை கிடைக்கவில்லை. விரல் நிமிர்ந்தால் கூலிக்காவது வழி பிறந்தது.

பின்னர் மேரி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தமக்கே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். தொடர்ந்து நியூயார்க்கில் அத்துறையைக் கற்று 1962-இல் திரும்பினார். அடுத்த ஆண்டே வேலூரில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் பொறுப்பை ஏற்றார். இன்று அரசு அறிக்கைகளில் தாராளமாகப் புழங்கும் மறுவாழ்வு என்ற சொல், அந்நாளில் இந்திய மருத்துவமனைகளில் அரிதாகவே கேட்டது. 1966-இல் பாகாயத்தில் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையம் உருவானது. பிற்காலத்தில் அது அவர் பெயரையே தாங்கியது.

1986-இல் அவர் காலமானார். ஊனமுற்றோருக்கான முதல் விரிவான மத்திய சட்டம் அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1995-இல்தான் நிறைவேறியது. தொழுநோயிலிருந்து குணமடைந்தோரையும் அது ஊனமுற்றோர் பட்டியலில் சேர்த்தது. 1898-ஆம் ஆண்டின் சட்டத்தை நாடாளுமன்றம் ரத்து செய்தது 2016-இல். தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கோரும் பிரிவுகள் தனிநபர் சட்டங்களிலிருந்து நீக்கப்பட மேலும் மூன்றாண்டுகள் ஆயின.