கோப்பாய்க் கோமான் வன்னியசிங்கம்

ஆதரவு பெருகிய காலத்திற் கொள்கை பேசுவோர் பலர். அது குன்றிய காலத்திலும் கைவிடாதார் சிலரே. அச்சிலருள் ஒருவர் அமரர் கு. வன்னியசிங்கம் அவர்கள்.

1911ஆம் ஆண்டு பிறந்த அன்னார் சட்டம் பயின்றவர். கிணற்று நீர் இறைத்துச் செம்மண்ணிற் பயிர் செய்யும் கமக்காரர் நிறைந்த கோப்பாய்த் தொகுதி, 1947இல் அவரைத் தமிழ்க் காங்கிரஸ் சார்பிற் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டு வந்த பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. அவர்கள் கோப்பாய் வாக்காளரல்லர். அவர்களுக்காக வாதாடுவதால் தொகுதிக்கு வரும் இலாபமும் இல்லை. எனினும் அன்னார் அச்சட்டத்தை எதிர்த்து நின்றார். காங்கிரஸ் அரசாங்கத்துடன் சேர்ந்தபோது அதனின்றும் பிரிந்து, 1949 டிசம்பரில் செல்வநாயகம் முதலியோருடன் இலங்கைத் தமிழரசுக் கட்சியை நிறுவினார்.

1952ஆம் ஆண்டுத் தேர்தல் பெருஞ்சோதனையாயிற்று. காங்கேசன்துறையிற் செல்வநாயகம் அவர்களே தோல்வியுற்றார். கட்சியில் வென்றோர் இருவரே: கோப்பாயில் வன்னியசிங்கம், திருகோணமலையில் இராஜவரோதயம். சபையிற் கட்சியின் குரல் அவிந்துவிடாது நான்காண்டுகள் காத்த பெருமை அவ்விருவருக்கும் உரியது. 1956இல் அக்கட்சி பத்து ஆசனங்களைப் பெற்றது.

ஐம்பது வயது நிரம்புமுன்பே, 1959 செப்டெம்பரில் அன்னார் மறைந்தார். மக்கள் அவரைக் கோப்பாய்க் கோமான் என்றே நினைவு கூருகின்றனர்.

இளைஞர்களே, எண்ணிக்கை சிறுத்தபோதும் கடமை சிறுப்பதில்லை என்பதே அவர் வாழ்வு நமக்குத் தரும் பாடம்.