என்பு நோய் ஆய்ந்த ஜாஃபி

நம் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில், நள்ளிரவில் கால் வலிக்கிறதென்று அழும் பிள்ளைக்கு விளக்கெண்ணெய் தடவி, ஓடியாடிய களைப்பென்று தேற்றி உறங்க வைப்பர். பெரும்பாலும் அஃது உண்மையேயாம். விடிந்தால் பிள்ளை பழையபடி ஓடும். ஆயின் ஒரே காலில், ஒரே இடத்தில், இரவுதோறும் வாரக்கணக்காய் வலி தொடருமாயின் அதனை வேறாகக் கருதல் வேண்டும். அவ்வேறுபாட்டைத் தெளிவித்தவருள் தலையாயவர் அமெரிக்க அறிஞர் ஹென்றி லூயிஸ் ஜாஃபி. அன்னார் வரலாற்றைச் சுருங்க உரைப்பாம்.

இவர் 1896-ஆம் ஆண்டில் பிறந்தார். மருத்துவம் பயின்று, நியூயார்க் நகரத்து மூட்டு நோய் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத் தலைவராய் அமர்ந்து, நெடுங்காலம் ஆங்கே உழைத்தார். கத்தி பிடித்துப் புகழ் கொண்டார் பலர். இவரோ அவர்கள் அறுத்தெடுத்த என்புத் துணுக்கை நுண்ணோக்கியில் நோக்கியவர். அதனோடு அமையாது எக்ஸ்ரே படம், நோயாளியின் வயது, வலியின் இயல்பு ஆகிய யாவற்றையும் ஒருங்கு வைத்து எண்ணினார். இதனையே யாம் அவர்தம் பெருமை எனக் கொள்வோம்.

1935-ஆம் ஆண்டில் ஐந்து நோயாளர்தம் வரலாறு கொண்டு, ‘ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா’ என்னும் தீங்கற்ற கட்டியைத் தனி நோயாக நிறுவினார். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேற்படாத சிறு கரு. அதனைச் சூழ்ந்து தடித்த என்பு. அதுகாறும் பலர் இதனை என்பினுள் ஊறிய நாட்பட்ட சீழ்ப்புண் என்றே மயங்கினர். இரவில் மிகும் வலி ஆஸ்பிரினால் விரைந்து தணிதல் இதன் அடையாளம். (இற்றை நாளில் சிறார்க்கு ஆஸ்பிரினைத் தவிர்த்து, ஐபுபுரோஃபன் போன்றனவே தருவர்.) இக்கட்டி முதுகெலும்பில் தோன்றின் முதுகு கோணும். இடுப்பருகே தோன்றின் வலி முழங்காலில் உணரப்படுதலும் உண்டு. அந்நிலையில் முழங்காலை மட்டும் படமெடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டால், பிள்ளை நொண்டிக்கொண்டே இருக்கும்.

1942-இல் லிச்டென்ஸ்டீன் என்பாரோடு சேர்ந்து மேலும் சில கட்டிகளை வகுத்துரைத்தார். அவற்றுள் ஒன்று, சிறார் என்பில் வலியின்றித் தோன்றி, பெரும்பாலும் தானே மறைவது, கத்தி வேண்டா. மற்றொன்றாகிய ‘காண்ட்ரோபிளாஸ்டோமா’ வளரும் பிள்ளைகளின் என்பு நுனியிற் பிறப்பது. கொடிய கட்டியோ என்று அஞ்சத்தக்க தோற்றமுடைய அதனைத் தீங்கற்றதென்று பெயரிலேயே குறித்தனர். சுரண்டியெடுத்தலே அதற்குப் போதுமாகலின், கைகாலை இழக்கும் அச்சம் நீங்கிற்று.

தம் நெடுநாள் அறிவையெல்லாம் 1958-இல் ஒரு பெருநூலாக்கி, 1979-இல் மறைந்தார். அவர் கண்ட அச்சிறு கருவை, இன்று மருத்துவர் ஊசிவழிச் செலுத்தும் வெப்பத்தால் எரித்து, ஓரிரு நாளில் பிள்ளையை நடந்தே வீடு செல்ல விடுகின்றனர்.