மூச்சை அளந்த மேதை

ஹால்டேன் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோருக்கு மகன்தான் நினைவுக்கு வருவார். 1957-இல் தாய்நாட்டை விட்டு இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவிலும் பின்னர்ப் புவனேசுவரத்திலும் வாழ்ந்து, 1964-இல் இந்தியக் குடிமகனாகவே கண்மூடிய ஜே. பி. எஸ். ஹால்டேனை அறியாத விஞ்ஞான மாணவர் அரியர். நான் எழுத எடுத்துக்கொண்டது அவருடைய தந்தையின் வாழ்க்கையை. நம்மில் பலர் நாளை சுரங்கங்களிலும் தொழிற்சாலைகளிலும் பொறியாளர்களாக நிற்கப் போகிறோம். நம் கையெழுத்தை நம்பித்தான் தொழிலாளர்கள் குழிக்குள் இறங்குவார்கள். ஆகவே இம்மனிதரை நாம் அறிந்திருப்பது நல்லது.

ஜான் ஸ்காட் ஹால்டேன் 1860-ஆம் ஆண்டு மே மாதம் எடின்பரோ நகரில் பிறந்தார். செல்வமும் செல்வாக்கும் உள்ள குடும்பம். அண்ணன் ரிச்சர்டு பின்னாளில் பிரிட்டனின் போர் அமைச்சராக உயர்ந்தார். தம்பி 1884-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆனால் நோயாளிகளின் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார அவருக்கு மனமில்லை. டண்டீ நகரத்து ஏழைகளின் வீடுகளுக்கு நடுநிசியில் சென்று, ஒரே அறையில் நெருங்கிப் படுத்திருந்தவர்களின் காற்றைப் புட்டிகளில் பிடித்து வந்து சோதித்தார். சாக்கடைகளுக்குள்ளும் இறங்கினார். அங்கே நுண்ணுயிர்கள் மிகுந்திருக்கும் என்று ஊரெல்லாம் நம்பியது. அளந்து பார்த்தால் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தன. ஊர் நம்புவதை ஒதுக்கிவிட்டு அளந்து பார்ப்பது! அவருடைய வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு பழக்கத்தின் விரிவே என்பது என் எண்ணம்.

1896 ஜனவரியில் வேல்ஸ் நாட்டின் ரோண்டா பள்ளத்தாக்கில் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. மாண்டவர் 57 பேர். வெடியும் தீயுமே அவர்களைக் கொன்றன என்றுதான் எவரும் நினைப்பர். ஹால்டேன் உடல்களை ஆராய்ந்தார். காயமில்லாத பலருடைய தோலில் ஒரு செந்நிறம் படர்ந்திருந்தது. வெடிக்குத் தப்பியவர்கள், வெடிக்குப் பின் பரவிய கார்பன் மோனாக்சைடைச் சுவாசித்து மாண்டிருந்தார்கள். பெரும்பாலோர் சாவுக்கு அதுவே காரணம்.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயு குருதியின் செம்பொருளோடு ஒட்டுவதைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக இது ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு சுவாசித்தால் எவ்வளவு நேரத்தில் ஆபத்து? இதை அறிய ஹால்டேன் வேறு யாரையும் தேடவில்லை. ஆய்வுக்கூடத்தில் தாமே அமர்ந்து அவ்வாயுவைச் சுவாசித்தார். இடையிடையே தம் விரலில் குத்திக் குருதியெடுத்துச் சோதித்தார். குருதியில் 56 சதவிகிதம் நஞ்சேறும் வரை சென்ற சோதனையும் உண்டு. நிற்கக் கால் தள்ளாடும். அறிவு மங்குகிறது என்பதே மங்கிய அறிவுக்குத் தெரியாது. கூடவே ஒரு சுண்டெலியையும் வைத்திருந்தார். உருவில் சிறிய உயிர் விரைந்து சுவாசிப்பதால் மனிதனுக்கு முன்பே சோர்ந்து விழும். சுரங்கத்துக்குள் கானரிக் குருவிகள் கூண்டோடு சென்ற வரலாறு இங்கேதான் தொடங்குகிறது. பிரிட்டிஷ் சுரங்கங்களில் அவை 1986 வரை பணியில் இருந்தன.

மகனையும் அவர் விட்டுவைக்கவில்லை. சிறுவனை ஒரு சுரங்கத்துக்கு அழைத்துச் சென்று, மேற்கூரையை ஒட்டி மீத்தேன் தேங்கியிருந்த இடத்தில் நிற்கச் செய்து, ஷேக்ஸ்பியர் நாடகத்திலிருந்து ஒரு சொற்பொழிவை ஒப்பிக்கச் சொன்னார். சில வரிகளுக்குள் மூச்சு வாங்கிற்று. கால் மடங்கித் தரையில் விழுந்தான். தரையில் நல்ல காற்று இருந்தது, பிழைத்தான். மீத்தேன் காற்றைவிட இலேசானது என்ற பாடம் அவனுக்கு வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. இக்காலத்துத் தந்தையர் இம்முறையைப் பின்பற்ற வேண்டாம்!

கார்ன்வால் வெள்ளீயச் சுரங்கங்களில் பாறைத் துளைப்பான் எழுப்பிய கல்தூசு நுரையீரலைத் தழும்பாக்குவதை 1904-இல் அறிக்கையாக எழுதினார். துளையிடும் இடத்தில் நீரைப் பாய்ச்சித் தூசு எழும்புவதையே அடக்க வேண்டும் என்பது அவர் பக்கம். முகத்தை மூடுவது அப்புறம். கேட்டை அதன் பிறப்பிடத்தில் தடுப்பது முதல்.

இனிப் போர்க்களம். 1915 ஏப்ரல் 22-ஆம் நாள் பெல்ஜியத்தில் ஈப்ரஸ் நகருக்கருகே ஜெர்மானியர் குளோரின் வாயுவை அவிழ்த்துவிட்டனர். ஹால்டேன் உடனே பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். அதே வாரத்தில் இலண்டனில் டெய்லி மெயில் பத்திரிகை பஞ்சுப் பட்டைகள் தைத்துத் தருமாறு பெண்களை வேண்டிற்று. பல்லாயிரம் பட்டைகள் அன்போடு வந்து குவிந்தன. ஆனால் உலர்ந்த பஞ்சு குளோரினைத் தடுக்காது. நனைந்த பஞ்சின் வழியே மூச்சே விட முடியாது. அன்பினால் செய்யப்பட்டது என்பதற்காக நச்சுவாயு விலகி நிற்குமா?

ஹால்டேன், போர்முனையிலிருந்து மகனையும் வரவழைத்துக்கொண்டார். ஓர் அறையில் குளோரினை நிரப்பி, கவசத்தோடும் கவசமில்லாமலும் மாறி மாறி உள்ளே சென்றார்கள். சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, கையால் சக்கரம் சுற்றினார்கள், ஓடிப் பார்த்தார்கள். அமர்ந்திருப்பவனைக் காக்கும் கவசம் ஓடுகிற சிப்பாயைக் காக்குமா என்பதல்லவா கேள்வி! வாயுவோடு கலந்து அதன் நஞ்சை முறிக்கும் ஹைப்போ முதலிய மருந்துகளில் நனைத்த கவசங்கள் அந்நாள்களில் உருவாயின. நச்சுவாயு முகமூடியைக் கண்டுபிடித்தவர் ஹால்டேன் என்று சில நூல்கள் எழுதுவது மிகை. முழுத்தலையை மூடும் கவசத்தை நியூபவுண்ட்லாந்து மருத்துவர் கிளனி மக்பெர்சன் அமைத்தார்; 1916-இல் வந்த பெட்டிக் கவசத்துக்கு எட்வர்டு ஹாரிசன் என்ற மருந்தியலாளர் பெரிதும் உழைத்தார். எந்த வாயு, எவ்வளவு, எவ்வளவு நேரம், எந்த உழைப்பில் என்ற கேள்விகளுக்கு விடை காணாமல் எந்தக் கவசத்தையும் நம்பலாகாது என்ற முறையே ஹால்டேனின் கொடை.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. விடுமுறைப் பயிற்சிக்காக ஒரு தொழிற்சாலையில் சில வாரம் இருந்தேன். பெயர் வேண்டாம். கண்ணாடி அலமாரியில் சுவாசக் கவசங்கள் உறை பிரிக்கப்படாமல் பளபளத்தன. பதிவேட்டில் மாதந்தோறும் சோதித்ததாகக் கையெழுத்தும் இருந்தது. தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளி ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, அலமாரிச் சாவி அலுவலகத்தில் இருப்பதாகச் சொன்னார். டெய்லி மெயிலின் பஞ்சுப் பட்டை இன்னும் வழக்கொழியவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இயற்றப்பட்டபோது, 36-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே வகுத்தது. நச்சுவாயு இருக்கக்கூடிய தொட்டியிலோ குழியிலோ ஒருவர் இறங்குமுன், தகுதியுள்ளவர் தாமே காற்றைச் சோதித்து எழுத்தில் சான்று தரவேண்டும். இல்லையேல் இறங்குபவர் தக்க சுவாசக் கருவி அணிந்து, இடுப்பு வாரில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். தக்க என்ற அச்சிறு சொல்லுக்குள் ஹால்டேனின் ஆய்வொன்று முழுதும் அடங்கியிருக்கிறது. பழஞ்சுரங்கங்களில் தேங்கி விளக்கை அணைக்கும் கெட்ட காற்று, நைட்ரஜனும் கரியமில வாயுவுமே என்று 1895-இலேயே அவர் காட்டியிருந்தார். அதாவது அங்கே குறைவது பிராணவாயு. அத்தகைய இடத்தில் வடிகட்டும் முகமூடியை அணிந்தவனும் அணியாதவனும் ஒன்றே, இருவரும் விழுவார்கள். பிராணவாயுவைக் கூடவே சுமந்து செல்லும் கருவி வேண்டும். அத்தகைய மீட்புக் கருவிகளையும் அவர் சோதித்து எழுதினார். 1912 முதல் டான்காஸ்டரில் சுரங்க ஆய்வுக்கூடம் ஒன்று அவர் பொறுப்பில் நடந்தது. கையெழுத்திடும் முன் கையில் அளவை இருக்க வேண்டும் என்பதை அவரளவு மெய்வருத்திக் காட்டியவர் வேறு யார்?

1934-இல் ராயல் சங்கம் காப்லி பதக்கம் அளித்தது. அப்போது அவருக்கு வயது 74. அதற்குப் பிறகும் ஓயவில்லை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் தொழிலாளர்கள் வெப்பத்தால் மயங்கி விழுவதை ஆராயப் பாரசீகத்துக்குப் பயணமானார். திரும்பி வந்த சில நாள்களில் நிமோனியா கண்டது. 1936 மார்ச் 14-ஆம் நாள் நள்ளிரவில் ஆக்ஸ்போர்டில் அவர் மூச்சு நின்றது.