கண்ணீரைச் செபமாக்கிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார்



நம் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் சாவு வீட்டில் ஒப்பாரி கேட்டு வளராதவர் யாரும் இருக்க முடியாது. ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் சேர்ந்து அழுவார்கள். தனியொருத்தியின் துயரம் ஊராரின் துயரமாகிவிடும். இந்த அழுகையையே செபமாக மாற்றி, வேதகலாபனையில் சிக்கிய ஒரு மக்களினத்தின் கையில் கொடுத்துச் சென்றவர் ஒரு குருவானவர். இலங்கைக் கத்தோலிக்கர் இன்றும் நன்றியோடு நினைக்கும் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார்தான் அவர்.

அவர் 1676-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் கோவாவில் உள்ள தீவார் தீவில் பிறந்தார். தாய்மொழி கொங்கணி. நல்ல கல்வியும் கூர்மையான அறிவும் பெற்றிருந்த அவர், கோவாவின் ஓரட்டோரியன் சபையில் சேர்ந்து குருவானார். கோவாவிலேயே பேராசிரியராக மதிப்போடு வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் தேர்ந்துகொண்டது இலங்கையை.

அன்றைய இலங்கையின் நிலை என்ன? டச்சுக்காரர்கள் 1656-இல் கொழும்பையும் 1658-இல் யாழ்ப்பாணத்தையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து போரில் கைப்பற்றினார்கள். போரில் தோற்றவர்களின் மறை என்பதால் கத்தோலிக்க மறையும் பகையாகக் கருதப்பட்டது. குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று சட்டம் வந்தது. ஆலயங்கள் பறிக்கப்பட்டன. திருமணத்தைக்கூட டச்சுக்காரரின் சபையில் பதிவு செய்தாக வேண்டியிருந்தது. கிறிஸ்தவரைத் துன்புறுத்தியவர்களும் கிறிஸ்தவர்களே என்பதுதான் இதில் வேதனையானது. மாந்தையிலிருந்து தப்பி ஓடிய மக்கள் அன்னையின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் போனார்கள். அந்தக் காடுதான் இன்றைய மடுத் திருத்தலம்.

குருக்களே இல்லாத அந்த மக்களைத் தேடி 1687-இல் புனித யோசேப் வாஸ் கூலியாளைப் போல் வேடம் பூண்டு யாழ்ப்பாணத்தில் கால் வைத்தார். அவருக்குத் துணையாக 1705-இல் மன்னாருக்கு வந்து சேர்ந்தவரே கொன்சால்வெஸ் அடிகளார். வந்தவர் முதலில் செய்தது மக்களின் மொழியைக் கற்பது. தமிழைக் கற்றார். பின்பு கண்டிக்குப் போய்ச் சிங்களத்தையும் கற்றார். பேசும் அளவோடு நின்றுவிடாமல், இரு மொழிகளின் இலக்கியங்களையும் ஆழ்ந்து படித்து, அவற்றில் நூல் எழுதும் அளவுக்கு உயர்ந்தார். 1711-இல் வாஸ் அடிகள் கண்டியில் இறந்தபின் மறைத்தளத்தின் பெரும் சுமை இவர் தோள்மேல் விழுந்தது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தீவு முழுவதிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய குருக்களே இருந்தார்கள். ஓர் ஊருக்கு ஒரு குரு வந்துபோனால் மறுபடி வர மாதங்கள் ஆகும். சில ஊர்களில் வருடமும் ஆகும். அதுவரை விசுவாசத்தைக் காப்பது யார்? மூப்பரும் அண்ணாவிமாரும் குடும்பத்துப் பெரியவர்களும்தான். அவர்கள் கையில் என்ன இருந்தது? அச்சிட்ட கத்தோலிக்க நூல் ஒன்றும் இல்லை. ஆகவே அடிகளார் எழுதினார். எழுதியதை ஓலையில் படி எடுக்கச் செய்து ஊர் ஊராக அனுப்பினார். மறைக்கல்வி, புனிதர் வரலாறு, நற்செய்தி விளக்கம், அகராதி, பாடல்கள் எனத் தமிழிலும் சிங்களத்திலுமாக ஏறக்குறைய 40 நூல்கள் அவர் பெயரால் அறியப்படுகின்றன.

அவற்றுள் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது வியாகுலப் பிரசங்கம். ஆண்டவருடைய பாடுகளையும் அன்னையின் துயரத்தையும் ஒப்பாரியின் உருக்கத்தோடு சொல்லும் நூல் அது. ஒருவர் இராகத்தோடு வாசிப்பார், மற்றவர்கள் மன்றாடுவார்கள். கதவை அடைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள்ளேயே செய்யலாம். குரு தேவையில்லை, கோவில் தேவையில்லை. தாங்கள் படும் பாட்டை ஆண்டவரின் பாடுகளோடு சேர்த்து அழுதபோது, தாங்கள் கைவிடப்பட்டவர்கள் அல்ல என்று அந்த மக்கள் உணர்ந்தார்கள். மன்னாரின் பேசாலையில் நடைபெறும் பாடுகளின் காட்சிக்கும் இந்தப் பிரசங்கமே அடிப்படை.

37 ஆண்டுகள் உழைத்த அடிகளார் 1742-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் போலவத்தையில் இறந்தார். டச்சுக்காரரின் ஆட்சி அதன்பிறகும் அரை நூற்றாண்டு நீடித்தது. ஆனால் மக்களின் விசுவாசம் அழியவில்லை. பாட்டைக் கைது செய்ய எந்த அரசாலும் முடியவில்லை.

இதற்கு வெகு தூரத்தில், வேறொரு காலத்தில், இன்னொரு மனிதரும் இதையே செய்தார். போலந்து நாட்டுக் கிராக்கோ நகரில் மொர்தெகாய் கெபிர்டிக் என்ற யூதத் தச்சர் வாழ்ந்தார். இத்திஷ் மொழியில் தாலாட்டும் ஏழைகளின் பாட்டும் எழுதினார். இசைக்குறிப்பு எழுதத் தெரியாததால் நண்பர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஓர் ஊர் பற்றி எரிவதைப் பாடி, கைகட்டி நிற்காதீர்கள் என்று தம் மக்களை எழுப்பினார். நாத்சிகளின் கொடுமையில் அடைபட்ட கிராக்கோ யூத இளைஞர்கள் அதைத் தங்கள் போராட்டப் பாடலாக்கிக் கொண்டார்கள். 1942 ஜூன் 4-ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொடுமையில் மாண்ட யூதர்கள் ஏறத்தாழ 60 இலட்சம் பேர். பாடல்கள் பிழைத்தன.

இந்த இடத்தில் நாம் நேர்மையாக ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ஆண்டவரின் பாடுகளைப் பாடிய கிறிஸ்தவ உலகம், பல நூற்றாண்டுகளாக அந்தப் பாடுகளுக்கு யூத இனம் முழுவதையும் குற்றவாளியாக்கியது. ஐரோப்பாவில் புனித வாரம் யூதர்களுக்கு அச்சமூட்டும் வாரமாக இருந்தது. நாம் அழுத கண்ணீர் இன்னொருவர் மேல் கல்லாக விழுந்தது. புனித வெள்ளி மன்றாட்டில் யூதரைப் பழிக்கும் சொல்லைத் திருத்தந்தை 23-ஆம் யோவான் 1959-இல் நீக்கினார். ஆண்டவரின் சாவுக்காக அன்றைய யூதர் அனைவர் மேலும் இன்றைய யூதர் மேலும் பழி சுமத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாகக் கற்பித்தது.

ஆகவே பாடுகளின் பாட்டைக் கைவிட வேண்டியதில்லை. சரியாகப் பாட வேண்டும். வியாகுலப் பிரசங்கம் துன்புறுவோரின் வாயில் பிறந்து வளர்ந்தது. துன்புறும் எவரையும் காயப்படுத்த அதற்கு உரிமையில்லை. சிலுவைக்குக் காரணம் என்று யாரையாவது சுட்டிக்காட்ட விரல் எழுந்தால், அது நம் பாவத்தையே சுட்ட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 1983-க்குப் பின் போருக்குத் தப்பிக் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர்கள் நம் தேனி மாவட்டத்திலும் வாழ்கிறார்கள். 2008 ஏப்ரலில் போரின் நடுவே மடு அன்னையின் திருவுருவம் மறுபடியும் இடம்பெயர வேண்டியிருந்ததை அவர்கள் அறிவார்கள். கொன்சால்வெஸ் அடிகளார் யாருக்காகத் தமிழ் கற்றாரோ, அந்த மக்களின் வழிவந்தவர்களும் இவர்களில் இருக்கலாம். இந்தத் தவக்காலத்தில் அவர்களில் ஒரு பெரியவரையோ ஒரு தாயையோ நம் பங்குகளுக்கு அழைத்து, அவர்கள் ஊரில் பாடிய பாடுகளின் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்போமா? ஒலிபெருக்கியில் போடும் பாட்டு கேட்டு முடிந்ததும் மறந்துபோகும். வாய்வழி வந்த பாட்டோ, பாடுவோர் இறந்தால் அவர்களோடு போய்விடும்.

அன்னையின் வியாகுலத்தில் தங்கள் துயரத்தைக் கண்ட அனைவரையும் இறைவன் தம் கரத்தில் ஏந்திக்கொள்வாராக. பிறர் அழும்போது உடன் அழும் இதயத்தை நமக்கும் தருவாராக. ஆமென்.