விடுதி தேடியவர், விடுதி கட்டியவர்

ஏப்ரல் 14 வந்தால், ஒரே ஊரில் ஒரே சிலைக்கு நாலு அமைப்புகள் நாலு நேரத்தில் மாலை போடுகின்றன. யார் முதலில் போடுவது என்று வாக்குவாதம் வந்து, போலீசார் நேரம் பிரித்துக் கொடுக்கும் ஊர்களும் உண்டு. வேன்களில் ஏற்றிக் கொண்டுவரப்படும் பையன்களில் பலர் கல்லூரி மாணவர்கள். அவர்கள் தங்கியிருக்கும் விடுதியில் தண்ணீர் வருகிறதா, உதவித்தொகை வந்ததா, இந்த ஆண்டு எத்தனை பேர் படிப்பை நிறுத்தினார்கள் என்று கேட்கும் அமைப்புகள் எத்தனை? யாருக்கு மாலை போடுகிறோமோ, அவருடைய வாழ்க்கையை இந்தக் கேள்வியோடு ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்டம் வகுத்தவராக எல்லோருக்கும் தெரியும். அவர் தங்க இடமில்லாமல் அலைந்தவர், பிறகு மாணவர்கள் தங்க இடம் கட்டியவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவில் உள்ள மாவ் ராணுவ முகாமில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். ராணுவப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். சத்தாராவில் பள்ளிக்குப் போனபோது சிறுவன் பீமராவ் உட்காரும் கோணிச்சாக்கை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும், மாலையில் திரும்ப எடுத்துவர வேண்டும். பள்ளியைப் பெருக்கும் ஆள்கூட அதைத் தொடமாட்டார். பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

குடும்பம் மும்பைக்கு வந்தது. பரேலில் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே அறை. சமையல், படுக்கை, படிப்பு எல்லாம் அதற்குள்ளேயே. மகன் முன்னிரவிலேயே தூங்கிவிடுவான். தந்தை விழித்திருந்து இரவு இரண்டு மணிக்கு அவனை எழுப்பிவிட்டுத் தான் படுப்பார். வீடு அடங்கிய அந்த நேரத்தில் விளக்கொளியில் படித்து 1907இல் மெட்ரிக் தேறினார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்தார். பரோடா மன்னர் சாயாஜிராவ் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கொடுத்தார். பேராசிரியர் முல்லர் புத்தகங்களும் உடைகளும் கொடுத்து உதவினார். கல்லூரிச் சிற்றுண்டிச் சாலை நடத்தியவரோ அந்த மாணவருக்குத் தேநீரும் தண்ணீரும் தர மறுத்தார். பெரிய நகரத்துப் பெரிய கல்லூரியில் நடந்தது இது. கல்லூரி வாசலைத் தாண்டினால் சாதி போய்விடும் என்ற நம்பிக்கை அப்போதே பொய்யாகிப்போனது.

1912இல் பி.ஏ. முடித்து, 1913 ஜூலையில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். கொலம்பியா பல்கலைக்கழக விடுதிகளில் தங்கினார். அங்கே சேர்ந்து உண்ணவும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கவும் யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. நவல் பதேனா என்ற பார்சி மாணவருடன் ஏற்பட்ட நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. பணமில்லாத காலங்களில் கைகொடுத்தவர் அவர். ஒரு விடுதி ஒரு மாணவனுக்கு என்னென்ன கொடுக்க முடியும் என்பதை அம்பேத்கர் அங்கேதான் கண்டிருக்க வேண்டும்.

1916இல் லண்டன் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். உதவித்தொகை ஒப்பந்தப்படி பரோடா அரசில் வேலைக்குச் சேர்ந்தார். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்த அதிகாரிக்கு அந்த நகரத்தில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சிகளுக்கான சத்திரம் ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு தங்கினார். பதினோராவது நாள் காலையில் கையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து, மாலைக்குள் வெளியேறச் சொன்னது. நண்பர்கள் இருவரிடம் இடம் கேட்டார். இருவரும் ஏதோ காரணம் சொல்லிக் கைவிரித்தார்கள். ரயில் வரும்வரை ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு மும்பை திரும்பினார்.

பெயரை மாற்றிக்கொண்டு தங்கிய அந்தப் பத்து நாள்களை இன்றைய நம் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நகரத்தில் அறை தேடும்போது ஊர்ப் பெயரைச் சொல்லி, தெருப் பெயரைச் சொல்லாமல் விடுகிறார்களே, அவர்களுக்குத் தெரியும். சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு உதவித்தொகை வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு, வகுப்புத் தோழர்கள் போனபின் தனியாக அலுவலகத்துக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கும் தெரியும்.

1918இல் மும்பை சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று சக பேராசிரியர்களில் சிலர் எதிர்ப்புக் காட்டினர். மிச்சம் பிடித்த சம்பளத்தோடும் நண்பர்களின் உதவியோடும் 1920இல் மீண்டும் லண்டன் போனார். அரைவயிற்றுக்குச் சாப்பாடு போடும் விடுதி அறையில் காலம் தள்ளி, நாளெல்லாம் நூலகத்தில் கிடந்து, 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். பாரிஸ்டராகவும் ஆகித் திரும்பினார்.

1924 ஜூலையில் அவர் தொடங்கிய முதல் அமைப்பு பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா. அதன் முதல் வேலைகளில் ஒன்று, 1925இல் ஷோலாப்பூரில் ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கு ஒரு விடுதி திறந்தது. மகாட் குளத்துப் போராட்டம் அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1927இல்தான். 1928இல் கல்விக்கென்றே தனிச் சங்கம் அமைத்து மேலும் விடுதிகள் நடத்தினார். ஊரைவிட்டு வந்து படிக்கும் பிள்ளைக்குக் கூரையும் சோறும் உறுதியானால்தான் மற்ற எல்லாம் என்ற கணக்கு அது.

அமைப்பு என்று வந்தால் சண்டையும் வரும். அண்ணலும் அதிலிருந்து தப்பவில்லை. 1930இல் வட்டமேசை மாநாட்டுக்கு அவரும் நம் ரெட்டமலை சீனிவாசனும் சேர்ந்து போனார்கள். அப்போது நாடறிந்த இன்னொரு தலைவர் சென்னை எம்.சி.ராஜா. முதலில் தனித்தொகுதியை ஆதரித்த ராஜா, 1932இல் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேவுடன் கூட்டுத் தொகுதிக்கு உடன்பாடு செய்துகொண்டார். ஒடுக்கப்பட்ட மக்களின் அணி இரண்டானது. தோல் தொழில் செய்த சமூகத்திலிருந்து வந்த பி.என்.ராஜ்போஜ் ராஜா பக்கம் நின்றார். அதே சமூகத்தைச் சேர்ந்த கிரிக்கெட் வீரர் பல்வங்கர் பாலு 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரை எதிர்த்தே போட்டியிட்டுத் தோற்றார். உட்சாதிப் பிரிவுகளைக் கிளறி லாபம் பார்க்க ஆள்கள் இருந்தார்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.

நாம் கவனிக்க வேண்டியது அடுத்த பத்து ஆண்டுகளை. 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது அம்பேத்கரும் எம்.சி.ராஜாவும் ஒன்றாகவே போய்ச் சந்தித்து, அந்தத் திட்டத்தில் நம் மக்களுக்குப் பாதுகாப்பில்லை என்று ஒரே குரலில் எதிர்த்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் நாக்பூரில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு உருவானது. தலைவர் பொறுப்பு அம்பேத்கரின் சொந்த மாகாணத்துக்குப் போகவில்லை. சென்னைச் சட்டக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த என்.சிவராஜ் தலைவரானார். பொதுச்செயலாளர், எதிரணியில் நின்ற அதே ராஜ்போஜ். கருத்தில் மோதியவரைப் பகையாளியாக முத்திரை குத்திக் கதவை அடைக்காததால்தான் இது முடிந்தது. ராஜ்போஜ் பின்னாளில் விலகிக் காங்கிரசுக்குப் போனார் என்பதும் உண்மை. திரும்ப வருபவர் எல்லோரும் நிலைத்துவிடுவதில்லை. அதற்காகக் கதவே வேண்டாம் என்று அண்ணல் முடிவு செய்யவில்லை.

அதே 1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அங்கே உட்கார்ந்ததும் அவர் வாதாடிப் பெற்றவற்றில் ஒன்று, ஒடுக்கப்பட்ட மாணவர்களின் உயர்படிப்புக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். மெட்ரிக்குக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை 1944இல் அப்படித்தான் தொடங்கியது. இன்று நம் பிள்ளைகள் வங்கிக் கணக்கில் எப்போது ஏறும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் தொகையின் வேர் அதுதான். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். 1946இல் மும்பையில் சித்தார்த் கல்லூரி, 1950இல் அவுரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரி. இரண்டிலும் எல்லாச் சாதி மாணவர்களும் படிக்கலாம். மிலிந்த் கல்லூரியின் முதல்வராக, நம் சமூகத்தைச் சேராத எம்.பி.சிட்னிஸை அமர்த்தினார். தகுதியும் நாணயமும் பார்த்தாரே தவிர, ஆள் யாருடைய ஆள் என்று பார்க்கவில்லை.

கடைசி ஆண்டில் அவரை வாட்டிய கவலை ஒன்று உண்டு. 1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசியபோது, படித்து வேலைக்குப் போனவர்கள் தம் மக்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று வெளிப்படையாகவே வருந்தினார். உதவித்தொகையில் படித்து, ஒதுக்கீட்டில் வேலை பெற்று, ஊர்ப்பக்கம் வராமல் போனவர்களைப் பற்றிய வருத்தம் அது. அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் ஏற்றார். டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

அடுத்து நடந்ததையும் நாம் மறைக்கக் கூடாது. அவர் திட்டமிட்ட இந்தியக் குடியரசுக் கட்சி 1957 அக்டோபரில் அமைந்தது. சிவராஜே அதன் முதல் தலைவர். இரண்டே ஆண்டில் பிளவு வந்தது. ஒரு பக்கம் சட்டம் படித்த நகரத்து இளைஞர்கள்; மறுபக்கம் வேட்டி கட்டிய, கல்லூரிப் பட்டமில்லாத, நாசிக் மக்கள் நெஞ்சில் வைத்திருந்த தாதாசாகேப் கெய்க்வாட். ஆங்கிலம் தெரியாதவர் தலைமையை ஏற்பதா என்ற இளக்காரமும் அந்தச் சண்டைக்குள் இருந்தது. 1964 டிசம்பரில் நிலம் கேட்டு லட்சக்கணக்கான மக்களைச் சிறை செல்லத் துணியவைத்தவர் அந்தக் கெய்க்வாட்தான். இழுபறிகளுக்கு நடுவே தலைவர் பொறுப்பைத் தாங்கிய சிவராஜ் அதற்குச் சில வாரங்கள் முன், செப்டம்பரில் காலமாகிவிட்டார். கட்சி அதன்பிறகு மேலும் உடைந்தது. 1972இல் மும்பையில் தலித் பாந்தர்களாக எழுந்தவர்களில் பலர் மாணவர்கள். வடாலாவில் இருந்த சித்தார்த் விகார் மாணவர் விடுதி அவர்களின் பாசறை. அந்த அமைப்பும் 1974இல் தலைவர்களிடையே மூண்ட கருத்து மோதலில் பிளந்தது.

இதில் அண்ணலுக்குப் பங்கே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. அவர் இருந்தவரை பெரிய முடிவுகள் எல்லாம் அவரிடமே வந்து நின்றன. இரண்டாம் வரிசையில் நின்றவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்கப் பழகியிருக்கவில்லை. அவர் போனதும் பஞ்சாயத்துக்கு ஆளில்லை. ஒரு தலைவரின் முகத்தை மட்டும் நம்பி நடக்கும் எல்லா அமைப்புகளுக்கும் இது பொருந்தும்.

இன்றைக்கு வருவோம். மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க என்ன செய்யலாம் என்று ஆராய்ந்த நீதிபதி கே.சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. கைகளில் கட்டும் வண்ணக் கயிறுகள்வரை அது பேசுகிறது. ஆதிக்கச் சாதிகளின் கயிறுகளைக் கண்டிக்கும் நம் பிள்ளைகளிலும் சிலர் உட்சாதிக்கு ஒரு நிறம், அமைப்புக்கு ஒரு நிறம் என்று கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். தலைவர்கள் மேடையில் ஒருவரையொருவர் ஏசுகிறார்கள். அன்றிரவே அது கைபேசி வழியாக விடுதிக்குள் வந்து, ஒரே தட்டில் சாப்பிட்ட பையன்களைப் பிரிக்கிறது. அடிதடி என்று வழக்குப் பதிவானால் தலைவருக்கு ஒன்றுமில்லை. போவது அந்தப் பையனின் படிப்பும் அரசு வேலையும். அவனைப் படிக்க அனுப்பிவிட்டு வயலில் குனிந்து நிற்கும் தாய்க்கு இதை யார் போய்ச் சொல்வது?

மாணவர்கள் அரசியலே பேசக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. அம்பேத்கர் மாணவராக இருந்தபோதே சாதியை ஆராய்ந்து கட்டுரை படித்தவர். மாணவர் பேசட்டும், கேள்வி கேட்கட்டும், தம் தலைவரையும் கேட்கட்டும். அடியாளாக மட்டும் போக வேண்டாம்.

அமைப்புகளுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. ஆதிதிராவிடர் விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாறிவிட்டது. உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று எல்லா அமைப்புகளும் சேர்ந்து போய்ப் பார்க்கலாம். கழிப்பறை, குடிநீர், சாப்பாடு, நூலகம், வராத உதவித்தொகை என்று ஒரே மனுவாக எழுதி ஆட்சியரிடம் கொடுக்கலாம். படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் வீட்டுக்கு, வேலையில் இருக்கும் நம்மவர்கள் ஒருமுறை போய்வரலாம். கொடி எத்தனை இருந்தாலும் இந்த வேலைக்குக் கொடி வேண்டாம். ராஜாவும் அம்பேத்கரும் பத்தாண்டுப் பிணக்கை ஒதுக்கிவைத்து ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு விடுதிக்குத் தண்ணீர் கேட்கும் மனுவில் நம் மாவட்டத்துத் தலைவர்களால் சேர்ந்து கையெழுத்துப் போட முடியாதா?